மூன்றாவது ரவுண்டில் அமல்ராஜ்

பாலாவிச் சந்தியில், கல்பிட்டிப் பாதை பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் ஹயாத்து முகம்மதுவின் டயர் கடை இருக்கிறது. உப்பு லொறிகளும் சீமெந்து லொறிகளும் அங்கே ஒட்டுப் போட வந்து நிற்கும். ஆனால் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த பிறகு கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வண்டி வாகனமே கிடையாது. பழைய லொறி டயர்களை அடுக்கி, மேலே பலகை போட்ட வாங்கு ஒன்று அங்கே உண்டு. அதில் உட்கார்ந்து பொக்சிங் கதைக்க வருகிறவர்கள் அவர்கள்.

ஹயாத்து முகம்மதுவுக்கு அறுபத்திரண்டு வயது; இளையவர்கள் அண்ணன் என்ற முறையில் அவரை நானா என்பார்கள். அவர் ஒருநாளும் ரிங்கில் ஏறிச் சண்டை பிடித்ததில்லை. சின்ன வயதிலேயே வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. எந்த டாக்டரும் அவருக்குச் சண்டைக்குத் தகுதி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. தான் போட முடியாத சண்டையை மற்றவர்களைக் கொண்டு போடவைத்தால் என்ன என்று நினைத்து, இருபத்தைந்து வயதில் ஒரு தகரக் கொட்டிலில் பாலாவி நண்பர்கள் குத்துச்சண்டைக் கழகத்தைத் தொடங்கினார். இரண்டு மணல் மூட்டை, நாலு சோடி க்ளவ்ஸ், ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு துவாய். அவ்வளவுதான் கழகம். எட்டு வருடம் ஓடியது. அதிலிருந்து வெளியே பேர் தெரிய வந்த ஒரே ஆள் எத்தாளையிலிருந்து வந்த அமல்ராஜ்.

வாங்கில் தினமும் முதலில் வந்து உட்காருகிறவர் சூசைப்பிள்ளை. உப்பளத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். முகம்மது அலியைத் தவிர வேறு யாரையும் குத்துச்சண்டைக்காரன் என்று ஒத்துக்கொள்ளமாட்டார். அடுத்தவன் அக்ரம். ஓட்டோ ஓட்டுகிறவன், நாற்பது வயது. போனில் பழைய சண்டைகளைப் பார்த்துப் பார்த்து டைசன் பைத்தியம் பிடித்தவன்.

"அலி எத்தின ரவுண்ட் ஓடினாலும் டைசன்ட கையில நாலு ரவுண்ட்தான் சூசையண்ணன். மூலைக்குள்ள போட்டு முடிச்சிருவான்" என்பான் அக்ரம்.

"ஆர் மூலைக்குள்ள நிக்கப் போறது? அலிட கால் உனக்குத் தெரியுமா? அந்தக் காலைப் பிடிக்க ஏலுமெண்டா நீ காத்தையும் பிடிச்சு டயருக்குள்ள அடைக்கலாம்."

"அத நான் தினமும் செய்றன்தானே" என்று ஹயாத்து பம்பைக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பெல்லாம் மணிலாவில் போய் நிற்கும். எழுபத்தைந்தாம் ஆண்டு அலிக்கும் ஃபிரேசியருக்கும் நடந்த மூன்றாவது சண்டை. பதினாலு ரவுண்ட் முடிந்து, கண் இரண்டும் வீங்கி மூடிக்கிடந்த ஃபிரேசியரைப் பதினைந்தாவதுக்கு எழும்பவிடாமல் அவருடைய பயிற்சியாளரே சண்டையை நிறுத்திவிட்டார். அந்தப் பேச்சு வந்தால் ஹயாத்து கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு எழும்பி நிற்பார்.

"அது துரோகம்! மூணே மூணு நிமிசம். அங்கால மூலையில அலியும் எழும்ப ஏலாம கிடந்தான் எண்டுதான் கதை. அந்தப் பயிற்சியாளன் வாய மூடிட்டு இருந்திருந்தா இண்டைக்கு உலகம் ஃபிரேசியர்ட பேரைச் சொல்லும். மூலையில நிக்கிறவனுக்கு ஆளில நம்பிக்கை இரிக்கணும். நம்பிக்கை இல்லாதவன் எதுக்கு மூலையில நிக்கிற?"

பிறகு குரலைத் தணித்து, "எங்கட அமல்ராஜ பாத்தீங்களா?" என்று தொடங்குவார். வாங்கில் இருப்பவர்கள் இதற்காகத்தான் காத்திருப்பார்கள். முன்பு நூறு தடவை கேட்டவர்களும் வாயைத் திறந்தபடி கேட்பார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, சிலாபத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த அழைப்புப் போட்டியின் இறுதிச் சண்டை. அறுபது கிலோ பிரிவு. அமல்ராஜும் புத்தளத்து றஊபும். முதல் ரவுண்ட் முழுக்க அமல்ராஜின் இடது கைதான். இரண்டாவதில் றஊபின் வலது ஒன்று காதோடு விழுந்தது. மூன்றாவதில் அமல்ராஜ் அடி வாங்கினான், வாங்கிக்கொண்டே இருந்தான், ஆனால் விழவில்லை. "விழல்ல! ஒருக்காவாவது முழங்கால் தரையில படல்ல!" மணி அடிக்கப் பத்து விநாடி இருக்கும்போது எங்கிருந்தோ அவனுடைய இடது கை வந்தது. றஊப் முழங்காலில் நின்றான். மண்டபமே கூரை பிய்ந்தது போலக் கத்தியது. ஐந்து நடுவர்களில் மூன்று பேர் றஊபுக்குக் கொடுத்தார்கள்.

"கொள்ளை" என்று ஹயாத்து முடிப்பார். "பட்டப்பகல் கொள்ளை."

போன ஜூன் மாதம் ஒருநாள், கதை அந்த இடத்தில் முடிந்தபோது அக்ரம் சொன்னான்: "நானா, இத எப்பவும் நீங்க மட்டும்தான் சொல்றீங்க. றஊப் நானாட்டயும் ஒருக்கா கேப்பமே. அவர் கத்தார்ல இருந்து ஒரேயடியா வந்துட்டார். புத்தளத்துலதான் இரிக்கார். நான் நாளைக்குக் கூட்டிட்டு வாறன்."

"கூட்டிட்டு வா" என்றார் ஹயாத்து. "எனக்கென்ன பயமா?"

மறுநாள் வாங்கில் இடமில்லை. லொறிச் சாரதிகள் இரண்டு மூன்று பேர் டயர்களின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அக்ரமின் ஓட்டோவிலிருந்து இறங்கிய றஊப் கனத்த உடம்பும் நரைத்த தாடியுமாக இருந்தார். சலாம் சொல்லி, ஹயாத்துவை இறுகத் தழுவிக்கொண்டார். பக்கத்துக் கடையிலிருந்து ப்ளேன்டீ வந்தது. குடித்து முடிக்கும்வரை றஊப் பிள்ளைகளைப் பற்றியும் கத்தார் வெயிலைப் பற்றியுமே கதைத்தார். சண்டையைப் பற்றி அவராக வாய் திறக்கவில்லை.

ஹயாத்துவால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, இத்தின பேருக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. அண்டைக்கு வெண்டது ஆரு?"

றஊப் வெறும் கோப்பையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "நான் வெல்லல்ல" என்றார்.

வாங்கு ஆரவாரித்தது. சூசைப்பிள்ளை அக்ரமின் முதுகில் ஓங்கி அறைந்தார். முப்பத்தொரு வருடம் ஒரே கதையைச் சொன்னவருக்கு, அந்தக் கதையின் எதிராளியே வந்து சாட்சி சொன்ன நாள்.

"நீங்க நினைக்கிற மாதிரி இல்ல நானா" என்றார் றஊப். அவர் குரலை உயர்த்தாததால் எல்லாரும் வாயை மூடினார்கள். "மூணாவது ரவுண்ட்ல அவர் அங்க இல்ல. உடம்பு மட்டும்தான் இருந்திச்சு. நான் கட்டிப் பிடிச்சு நிக்கக்குள்ள ஏண்ட காதுக்குள்ள கேக்கிறார், 'இது எத்தினையாவது ரவுண்ட்?' எண்டு. நான் மூணாவது எண்டன். மறுகா கேக்கிறார், 'எங்கட மூலை எது?' எண்டு."

றோட்டில் ஒரு கல்பிட்டி பஸ் ஹோர்ன் அடித்தபடி திரும்பியது.

"நான் உங்கட மூலையப் பாத்தன் நானா. ரெஃபரி பின்பக்கம் நிண்டார், அவருக்கு அமல்ராஜ்ட முகம் தெரியல்ல. உங்களுக்குத் தெரிஞ்சிச்சு. துவாய் உங்கட கையில இருந்திச்சு. நீங்களும் என்னப் பாத்தீங்க. இப்ப துவாய வீசிச் சண்டைய நிப்பாட்டுவார் எண்டு நான் நினைச்சன். ரெண்டு எட்டுப் பின்னுக்கும் வந்தன். நீங்க துவாயக் கழுத்துல போட்டுட்டு, 'அடி அமல், அடி!' எண்டு கத்தினீங்க. அவர் உங்கட சத்தம் வந்த பக்கம் திரும்பினார். நான் அடிச்சன். நிப்பாட்டினா நான் தோப்பன்தானே. அடிச்சுக்கொண்டே இருந்தன்."

"அப்ப அந்தக் கடைசி இடது கை?" என்று அக்ரம் கேட்டான். கேட்டது அவனுக்கே பிடிக்கவில்லை போலிருந்தது.

"அவர் எனக்கு அடிக்கல்ல தம்பி. விழப்போனார், கை முன்னுக்கு வந்திச்சு. கீழ தண்ணி ஊத்திக் கிடந்திச்சு, நான் வழுக்கி முழங்கால்ல நிண்டன். அவ்வளவுதான்." றஊப் கோப்பையைக் கீழே வைத்தார். "அண்டைக்குக் கழட்டின க்ளவ்ஸ நான் மறுகா போடல்ல. அவர் இப்ப எங்க? உசிரோட இரிக்காரா?"

சூசைப்பிள்ளை ஹயாத்துவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "துவாய் கையில இருந்ததா ஹயாத்து?"

"இருந்தது" என்றார் ஹயாத்து முகம்மது.

அவர் மறந்திருக்கவில்லை. இரண்டாவது ரவுண்ட் முடிந்து அமல்ராஜ் மூலைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோது, தண்ணீர்ப் போத்தலை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துச் சாய்த்தான். வாய் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. தண்ணீர் நெஞ்சில் ஒழுகியது. "ஹயாத்து நானா, எப்ப தொடங்கும்?" என்று கேட்டான். இரண்டு ரவுண்ட் முடித்து வந்தவன், சண்டை எப்போது தொடங்கும் என்று கேட்டான். ஹயாத்து அவனுடைய முகத்தைத் துடைத்து, "இப்பதான். போ" என்று எழுப்பி அனுப்பினார். வாங்கில் உட்கார்ந்து எத்தனையோ தடவை அந்தச் சண்டையைச் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு நிமிடத்தை மட்டும் ஒருதடவையும் சொன்னதில்லை. அமல்ராஜ் அதற்குப் பிறகும் இரண்டு வருடம் சண்டை போட்டான். அந்தச் சண்டைகளிலும் அதே மூலையில் அவர்தான் நின்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அக்ரமின் ஓட்டோவில் ஹயாத்துவும் றஊபும் எத்தாளைக்குப் போனார்கள். நாற்பது கிலோமீற்றர்கூட இல்லாத தூரம். ஆனால் ஹயாத்து அங்கே போய்ப் பத்தொன்பது வருடமாகியிருந்தது. அமல்ராஜுக்குச் சுகமில்லை என்று கல்பிட்டியிலிருந்து வருகிற சாரதிகள் அவ்வப்போது சொல்லியிருக்கிறார்கள். கடையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். சோளகக் காற்று ஓட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது. வெங்காயப் பாத்திகளில் தண்ணீர் சுழன்று தெறித்தது. மூன்று பேரும் வழியில் ஒன்றும் கதைக்கவில்லை. டைசனைப் பற்றிக்கூட.

அமல்ராஜின் மனைவி அஜித்தா படலையைத் திறந்தாள். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். முன்பல் ஒன்று இல்லை. இடது பக்கக் கன்ன எலும்புக்கு மேலே பழைய காயம் மஞ்சளும் ஊதாவுமாகக் கிடந்தது.

"ஹயாத்து நானாவா?" என்றாள். "வாங்க. அவரைப் பாக்க ஆருமே வாறதில்ல."

உள்ளே மாதா படத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அமல்ராஜ் இருந்தான். ஐம்பத்துமூன்று வயதுக்காரன் எழுபது வயதுக் கிழவன்போல இருந்தான். அவனுடைய விரல்கள் மடியில் எதையோ பிரித்துக்கொண்டே இருந்தன, வலையில் சிக்கிய மீனைக் கழற்றுகிறவனைப்போல. இவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்து சிரித்தான்.

"வாங்க, வாங்க. சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டம் அமல்" என்றார் ஹயாத்து.

"அஜித்தா, ஆக்கள் வந்திருக்கினம். சாப்பிட்டாச்சா?"

றஊப் அவனுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து, அந்த விரல்களைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டார். "நான் றஊப். சிலாபத்துல... என்ன மன்னிச்சிருங்க நானா. அல்லாவுக்காக மன்னிச்சிருங்க." அவரைவிட ஒரு வயது இளையவனை அவர் நானா என்று அழைத்தார்.

"பரவால்ல, பரவால்ல" என்றான் அமல்ராஜ், வந்தவரைச் சங்கடப்படுத்தக்கூடாது என்பதுபோல. பிறகு, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டான். றஊப் முகத்தை அவனுடைய முழங்காலில் புதைத்துக்கொண்டார்.

ஹயாத்துவால் அங்கே நிற்க முடியவில்லை. குசினிப் பக்கம் போனார். அஜித்தா அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கன்னத்துல என்ன தங்கச்சி?"

"குளிக்க வாக்கக்குள்ள சிலவேளை கோவம் வரும் நானா. ஆரெண்டு தெரியாம அடிப்பார். பிறகு என்ன நடந்தது எண்டு கேட்டு அழுவார். வலது கை ஏலாமப் போயிட்டு. இடது கை மட்டும் இன்னும் ஒண்டையும் மறக்கல்ல." அதை அவள் முறைப்பாடாகச் சொல்லவில்லை. ஒரு நோயாளியின் குணத்தை அடுத்தவருக்கு விளங்கப்படுத்துவது போலச் சொன்னாள். "டெனிஷாவும் பயத்தில இப்ப வாறதில்ல. போன முறை கைக்குழந்தையோட வந்தவள்."

டெனிஷா அவர்களுடைய ஒரே மகள். கல்பிட்டியில் கட்டிக் கொடுத்திருந்தது.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"தலையில பட்ட அடிகள்தானாம். எந்த அடி எண்டு கேட்டன். அது ஆராலயும் சொல்ல ஏலாதாம். ஒண்டும் இருக்கலாம், எல்லாமும் இருக்கலாமாம்."

அப்போது ஹயாத்து சொன்னார். போத்தலைக் கன்னத்தில் வைத்ததிலிருந்து துவாயைக் கழுத்தில் போட்டதுவரை, ஒன்றையும் விடாமல். வாங்கில் இருந்து சொல்லும்போது வருகிற சொற்கள் ஒன்றுகூட வரவில்லை. ஒரு சின்னப் பிள்ளை களவை ஒத்துக்கொள்வதுபோல அரைகுறையாகத்தான் வந்தது. அவள் ஏசுவாள், வெளியே போ என்பாள் என்று நினைத்தார். அப்படி ஒன்று நடந்தால் நல்லது என்றுகூட நினைத்தார்.

அஜித்தா தேயிலையைப் போட்டுக் கேத்தலை மூடினாள்.

"எனக்குத் தெரியும் நானா. கலியாணம் கட்டின புதுசில அவர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவார். 'மற்ற ஆள் எண்டா துவாய வீசியிருப்பான். எங்கட ஹயாத்து நானா வீசல்ல. அவருக்கு என்னில அவ்வளவு நம்பிக்கை' எண்டு. டெனிஷாவுக்கும் அதைச் சொல்லித்தான் வளத்தவர். அவருக்கு அந்தச் சண்டையைப் பற்றி வேற ஒண்டும் ஞாபகம் இருக்கல்ல. அது மட்டும்தான். இப்ப அதுவும் போயிட்டு."

தேத்தண்ணி குடித்துவிட்டு அவர்கள் புறப்பட்டார்கள். படலையடியில் நின்று அமல்ராஜ் கையசைத்தான். எதற்காக அசைக்கிறோம் என்று தெரியாத கை, ஓட்டோ திரும்பி மறையும்வரை அசைந்துகொண்டே இருந்தது.

அந்தக் கிழமைக்குள் பாலாவி முழுக்கக் கதை தெரிந்துவிட்டது. ஹயாத்து எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறொன்று. ஆட்கள் வராமல் விடுவார்கள் என்று நினைத்தார். முன்பைவிடக் கூடுதலாக வந்தார்கள். இப்போது அலியும் இல்லை, டைசனும் இல்லை. துவாயை வீசியிருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் கதை.

"வீசியிருந்தா அமல்ராஜ ஆருக்குத் தெரியும்? இத்தின வருசம் பேர் நிண்டது வீசாததாலதானே" என்றான் ஒரு லொறிச் சாரதி.

"பேரை வெச்சு என்ன செய்ற? ஃபிரேசியர்ட ஆள்தான் சரியான ஆள். அவன் மனுசன்" என்றார் இன்னொருவர். போன மாதம்வரை அந்தப் பயிற்சியாளரைத் துரோகி என்று ஹயாத்துவோடு சேர்ந்து திட்டியவர் அவர்.

அக்ரம் ஹயாத்துவுக்காகக் கத்தினான். "அந்தக் காலத்துல ஆருக்கு இதெல்லாம் தெரியும்? நானா வேணுமெண்டா செஞ்சார்?"

ஹயாத்து குனிந்து ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தார். குமிழ் எங்கே வருகிறது என்று பார்த்தார். வேண்டுமென்றுதான் செய்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. எனக்கு ஒரு வெற்றி வேண்டியிருந்தது, ஒருநாளாவது ஒரு ஆளை என் ஆள் என்று சொல்ல வேண்டியிருந்தது, அதனால் தெரிந்துகொண்டே அனுப்பினேன் என்று. சொல்லியிருந்தால் அதையும் எடுத்து வைத்து இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதாடியிருப்பார்கள். இந்த மனிதர்களுக்கு இப்படிக் கதைக்கப் பழக்கியவர் அவர்தான். தன்னுடைய ஜனாஸாவுக்கு முன்னால் நின்று ஆட்கள் சாப்பாட்டைப் பற்றிக் கதைப்பதைக் கேட்கிற பிரேதத்தைப்போல அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சூசைப்பிள்ளை மட்டும் வருவதை நிறுத்தியிருந்தார்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் காலையில் கடையைப் பூட்டிவிட்டுத் தனியாகக் கல்பிட்டி பஸ் ஏறினார். கிழமையில் இரண்டு நாள் வந்து அமல்ராஜைக் குளிப்பாட்டித் தரலாம், அஜித்தா கொஞ்சம் மூச்சு விடுவாள் என்று வழி முழுக்கத் திட்டம் போட்டுக்கொண்டு போனார். அஜித்தாவுக்குத் தயக்கம்தான். ஆனாலும் வந்த மனிதரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் கிணற்றடியில் வாளியும் சவர்க்காரமும் எடுத்து வைத்தாள்.

அமல்ராஜ் சிரித்தான். சாப்பிட்டாச்சா என்று கேட்டான். கிணற்றடிவரை பேசாமல் வந்தான். ஸ்டூலில் உட்காரவைத்து ஹயாத்து தலையில் தண்ணீர் ஊற்றினார். தோளிலிருந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எழும்பு அமல்" என்றார், முதுகு தேய்ப்பதற்காக.

அமல்ராஜ் எழும்பினான். கால்களை அகட்டி வைத்தான், முகவாய் நெஞ்சுக்குள் இறங்கியது. முதல் அடி ஹயாத்துவின் வாயில் விழுந்தது. இரண்டாவது நெஞ்சில். அவர் பின்னால் சரிந்து விழுந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த கிணற்றுக் கட்டுச் சுவரை அடித்தான். இடது கையால், வலது கையால், ஏலாத அந்த வலது கையாலும். சீமெந்தில் இரத்தம் பட்டது.

"போதும் அமல்! போதும், நிப்பாட்டு!" ஹயாத்து நிலத்தில் கிடந்தபடி கத்தினார். "சண்டை முடிஞ்சிட்டு! அல்லாட ஆணை, முடிஞ்சிட்டு மகன்!"

அந்தக் குரலைக் கேட்கக் கேட்க அமல்ராஜ் இன்னும் வேகமாக அடித்தான். அந்தக் குரல் அவனை நிறுத்தச் சொன்னதே கிடையாது. அஜித்தா ஓடிவந்து, "நீங்க கதைக்காதீங்க நானா! வாய மூடுங்க!" என்று கெஞ்சினாள். ஹயாத்து தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டார். அவள் பின்பக்கமாகப் போய் அமல்ராஜின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அவனுடைய ஈர முதுகில் வைத்து, காதுக்குள் ஏதோ ஒரு தேவமாதா பாட்டைப் பாடிக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள். கடைசியில் அவன் உட்கார்ந்துவிட்டான். தோல் பிய்ந்த விரல்களைப் பார்த்து, சின்னப் பிள்ளைபோல அழத் தொடங்கினான்.

அவனுக்குத் துணி கட்டிப் படுக்கவைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். ஹயாத்து படலைக்கு அருகே கல்லில் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. சேர்ட்டின் முன்பக்கம் இரத்தம். அவள் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து, பஸ்ஸில் ஆட்கள் கேட்பார்கள் என்று சொல்லி, அந்த இடத்தை நனைத்துக் கசக்கிவிட்டாள்.

"போன முறை நீங்க வந்திட்டுப் போனபிறகும் ரெண்டு நாள் இப்படித்தான் நானா. உங்களுக்குச் சொல்லல்ல. உங்கட முகம் தெரியல்ல அவருக்கு. சத்தம் தெரியுது."

ஹயாத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"இனி வராதீங்க நானா. கோவத்தில சொல்லல்ல. மாதாவாணை கோவமில்ல."

"வராம இரிக்கன்" என்றார். பேசும்போது உதட்டிலிருந்து மீண்டும் இரத்தம் வந்தது. "வேற நான் என்ன செய்ய ஏலும் தங்கச்சி? என்னவெண்டாலும் சொல்லு. என்னவெண்டாலும்."

அஜித்தா வாய்ப்பேச்சுக்காகப் பதில் சொல்கிறவள் அல்ல. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தாள். வீட்டைப் பார்த்தாள், கிணற்றடியைப் பார்த்தாள். காற்று வேலி ஓலைகளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஒண்டும் இல்ல நானா" என்றாள்.